சான்றிதழ் பெற்ற காது

மெத்தைக்கடைக்காரருக்கு இசையோடு எந்தப் பகையும் இருந்ததில்லை. பெரிய உறவும் இல்லை. கடையில் ஒரு ரேடியோ இருந்தது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும். யாராவது வாடிக்கையாளர் மெத்தையில் படுத்துப் பார்க்கும்போது மட்டும் எழுந்து போய்ச் சத்தத்தைக் குறைப்பார்.

வீட்டில் அவருடைய மனைவி புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தாள். நாள் முழுவதும் மருந்துக்கடையில் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். முகம் கழுவி, உடை மாற்றி, படுக்கையறை ஜன்னலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஊத ஆரம்பிப்பாள். நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு இப்படி ஓர் ஆசை வந்ததில் மெத்தைக்கடைக்காரருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையைக் காட்டுவதற்காக, அவள் வாசிக்கும்போது டிவியை அணைத்துவிட்டுச் செய்தித்தாள் படிப்பார்.

அந்த வருடம் நகர மண்டபத்தில் நடக்கும் ஆண்டு இசை மாலையில் வாசிக்க அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று அவள் சாப்பிடும்போதுகூட விரல்களைத் தட்டின் ஓரத்தில் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க முதல் வரிசையில உட்காரணும். நடுவுல. பயம் வந்தா பார்க்கறதுக்கு எனக்கு ஒரு முகம் வேணும்."

"என் முகமா? இத்தனை வருஷமா பார்த்தது போதலையா?"

"பழகின முகம்தான் வேணும். புது முகத்தைப் பார்த்தா எனக்கு மூச்சு நின்னுடும். இது மூச்சுல வாசிக்கிற சமாச்சாரம்."

அவர் சரி என்றார். முதல் வரிசையில் போய் உட்காருவதில் என்ன கஷ்டம் இருக்க முடியும் என்று நினைத்தார்.

மறுவாரமே மண்டபத்தில் ஒரு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். கூட்டியது கேட்டல் மேம்பாட்டு மன்றம். மண்டபத்தின் சாவி அதனிடம்தான் இருந்தது. மன்றத்தின் தலைவர் எழுந்து மைக்கை நேராக்கினார். அவர் மைக் இல்லாதபோதும் மைக் முன்னால் நிற்பவரைப் போலத்தான் பேசுவார் என்பதால் இது ஒரு சம்பிரதாயம் மட்டுமே.

"அன்பர்களே! கடந்த ஆண்டு நம் மன்றம் ஓர் ஆய்வு நடத்தியது. இந்த மண்டபத்துக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ரசிக்கிறார்கள்."

கூட்டத்தில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"எந்தப் பயிற்சியும் இல்லாமல், எந்தத் தகுதியும் இல்லாமல், வந்து உட்கார்ந்து, நேரடியாக ரசிக்கிறார்கள். சிலர் வீட்டுக்குப் போன பிறகும் ரசிப்பதாகத் தகவல். வண்டி ஓட்ட உரிமம் வேண்டும். மருந்து விற்க உரிமம் வேண்டும். ஆனால் காது? பிறந்த நாள் முதல் திறந்தே கிடக்கிறது. ஒரு கதவு இல்லை, ஒரு தாழ்ப்பாள் இல்லை, கேட்க ஆளில்லை! எனவே இந்த ஆண்டு முதல், மன்றத்தில் பயின்று தேறி, கேட்பாளர் சான்றிதழ் பெற்றவர்களே இசை மாலைக்குள் அனுமதிக்கப்படுவார்கள். பணம், உறவு, சிபாரிசு, வகிக்கும் பதவி, வகித்த பதவி, எதற்கும் விதிவிலக்கு கிடையாது."

வகித்த பதவி என்று சொல்லும்போது அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். அங்கே முன்னாள் தலைவர் உட்கார்ந்திருந்தார். பதவி போன பிறகும் டிக்கெட் வாங்காமல் வருகிற பழக்கத்தை அவர் விட்டிருக்கவில்லை. விதியின் மற்ற பகுதிகள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகவே எழுதப்பட்டவை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருடைய மகன்தான் புல்லாங்குழலுக்குத் துணையாகப் பியானோ வாசிக்கப்போகிறவன்.

"சார், என் பையன் வாசிக்கிறான். நான் பெத்தவ. அவனுக்குத் தாலாட்டுப் பாடின நாள்லேர்ந்து எனக்கு இசைப் பழக்கம் இருக்கு. எனக்குமா சான்றிதழ்?"

தலைவர் கனிவாகச் சிரித்தார். "அம்மா, தாலாட்டை நீங்கள் பாடினீர்கள். கேட்டவர் உங்கள் மகன். கேட்பதில் உங்கள் அனுபவம் பூஜ்யம்."

அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். இருபது வருடமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர் அப்படி வாயடைத்து உட்கார்ந்ததை அன்றுதான் பலர் பார்த்தார்கள்.

சேர்க்கைக்காக மெத்தைக்கடைக்காரர் வரிசையில் நின்றார். உள்ளே ஒரு குமாஸ்தா அங்குல நாடாவால் அவருடைய இரண்டு காதுகளையும் அளந்தார். வலது காது கொஞ்சம் பெரிது என்று தெரியவந்தது. "இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கிறதா, முன்பின்னாகவா?" என்று குமாஸ்தா கேட்டார். அவர் அதுவரை யோசித்ததில்லை என்றார். யோசித்ததில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த அறையில் பேராசிரியர் இருந்தார். எந்த இசையையும் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவதால் மாணவர்கள் அவரைக் கட்டம் சார் என்று கூப்பிட்டார்கள்.

"கடைசியாக எப்போது இசை கேட்டீர்கள்?"

"இன்னிக்குக் காலையில சார். பஸ்ஸுல."

"முழுமையாகவா?"

"இல்ல சார், பாதியில என் ஸ்டாப் வந்துடுச்சு. இறங்கிட்டேன்."

"மீதிப் பாட்டு?"

"அது பஸ்ஸோட போயிடுச்சு சார்."

கட்டம் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாதிப் பாட்டு உள்ளே தங்கிவிட்ட காது, பழைய சோற்றுப் பானையைப் போன்றது என்றும், அதைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் புதிதாக எதையும் இட முடியும் என்றும் விளக்கினார். சிகிச்சையின் பெயர் காது ஓய்வு. வகுப்பு தொடங்கும் வரை எந்த இசையும் காதில் விழக் கூடாது. பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சுக்கு மெத்தைக்கடைக்காரர் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. கடையிலிருந்து இரண்டு உருண்டை எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி புல்லாங்குழலை இறக்கிவிட்டு அவரையே பார்த்தாள்.

"என்ன இது, காதுல?"

"ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

"இவங்க யாருக்குக் காது குத்துறாங்க?"

"குத்தலைம்மா. அளக்கத்தான் அளந்தாங்க."

அவள் ஸ்டூலில் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "நான் வாசிக்கிறதைக் கேட்கணும்னுதான் நீங்க அந்தக் கிளாசுக்குப் போறீங்க. அந்தக் கிளாசுக்குப் போறதால நான் வாசிக்கிறதைக் கேட்கக் கூடாது. நான் சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டேனா?"

அவர் ஒரு பஞ்சை எடுத்தார். "என்ன சொன்னே?"

வகுப்புகள் மண்டபத்தின் பின்பக்க அறையில் நடந்தன. முதல் மாதம் உட்காருவது எப்படி என்று கற்பித்தார்கள். முதுகு நாற்காலியில் படலாம், சாயக் கூடாது. இசையில் ஆழம் வந்தால் ஆள்காட்டி விரல் கன்னத்துக்குப் போக வேண்டும். மோவாய்க்குப் போனால் சந்தேகம் என்று பொருள். புருவத்தை இடது புறம் மட்டும் உயர்த்துவது மேல்நிலைப் பாடம். அதை அவசரப்பட்டு வீட்டில் முயன்று பார்த்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவருக்கு மூன்று நாள் முகம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

பிறகு 'ம்' கற்பித்தார்கள். அறிமுக 'ம்', ஆமோதிப்பு 'ம்', எதிர்பார்த்தேன் என்கிற 'ம்', எதிர்பார்க்கவில்லை ஆனாலும் தெரியும் என்கிற 'ம்'. எல்லாரும் சேர்ந்து கண்ணை மூடி 'ம்' சொல்லிப் பழகினார்கள். ஒரு நாள் தெருவில் போன பல் டாக்டர் ஒருவர் நின்று, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இலவசமாகவே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இசையை எப்போ சார் போடுவீங்க?" என்று டிரைவிங் ஸ்கூல் அம்மாள் கேட்டார். "வண்டியைக் காட்டாம கியர் போடச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கு."

கட்டம் சார் கரும்பலகையிலிருந்து திரும்பினார். பலகை முழுவதும் கட்டங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறிகள். சில அம்புகள் வந்த வழியே திரும்பின. ஓர் அம்பு பலகையைத் தாண்டிச் சுவரிலும் கொஞ்ச தூரம் போயிருந்தது. முப்பத்திரண்டு கட்டங்களில் அடங்கிய ஒரு புகழ்பெற்ற இசைப் படைப்பு அது.

"இதை நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பகுப்பாய்வு செய்து வருகிறேன் அம்மா. இன்றுவரை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு அது பிடித்துப்போயிருக்கலாம். அல்லது பிடிக்காமல் போயிருக்கலாம். இரண்டுமே ஆபத்து. என் நடுநிலைமைதான் என் மூலதனம்."

வகுப்பு முழுவதும் ஆமோதிப்பு 'ம்' சொன்னது. மெத்தைக்கடைக்காரரும் சொன்னார். சொல்லிவிட்டு, இது அறிமுக 'ம்' ஆகிவிட்டதோ என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டார்.

மாதங்கள் போகப் போகப் படிப்பு அவருக்குள் இறங்கிவிட்டது. கடைக்கு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். பெண் ஸ்பிரிங் மெத்தை என்றாள். பையன் பஞ்சு என்றான். பெண் மறுபடி ஸ்பிரிங் என்றாள். மெத்தைக்கடைக்காரர் ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து, "முதல் கருத்து, எதிர்க்கருத்து, முதல் கருத்தின் மறுவருகை," என்றார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். அதை அவர் 'எதிர்பாராத முடிவு' என்று வகைப்படுத்தினார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். காது ஓய்வு முடிந்து பஞ்சை எடுத்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் மேடையில் வாசிக்கப்போகும் இசை முழுவதையும் நடுவில் நிறுத்தாமல், தடுமாறாமல் வாசித்துவிட்டாள். பியானோ வரவேண்டிய இடங்களில் காலால் தட்டிக்கொண்டாள். முடித்துவிட்டு, வியர்த்த முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"தொடக்கத்துல எழுப்பப்பட்ட வினா, மூணாவது பகுதியில ஓரளவு எதிர்கொள்ளப்படுது. ஆனா விடையளிக்கப்படலை."

"நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"அந்த வார்த்தையை நாங்க உபயோகிக்கிறதில்லை."

அவள் புல்லாங்குழலைத் துடைத்தாள். பெட்டியில் வைத்தாள். பெட்டியை மூடினாள். மறுநாள் அவள் வாசிக்கவில்லை. அதற்கு மறுநாளும் வாசிக்கவில்லை. மருந்துக்கடையில் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது, அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்துவிட்டேன் என்றாள். அப்புறம் தினமும் அப்படியே ஆனது. வீடு அமைதியாக இருந்தது. மெத்தைக்கடைக்காரர் டிவியை அணைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்துப் பார்த்தார். ஒரு வரிகூட ஓடவில்லை. அந்தச் சத்தம் இருந்தால்தான் தனக்குப் படிக்கவே வரும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இல்லையே. விடையளிக்கப்படலைன்னு சொன்னீங்க. அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டு அவள் விளக்கை அணைத்தாள்.

தேர்வு நாள் வந்தது. அறையில் பழைய ஒலிப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தேர்வு விதிகளின்படி இசையை உண்மையாகவே ஒலிக்கவிட வேண்டியிருந்ததால் மன்றத்துக்கு இதில் வருத்தம்தான். கட்டம் சார் தன் நடுநிலைமையைக் காப்பாற்றிக்கொள்ள வராந்தாவுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். போகும் முன் ஒரு விஷயத்தை இரண்டு முறை சொன்னார்: ஒவ்வொரு பிழைக்கும் ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். சரியான விடைக்கு மதிப்பெண் கிடையாது, ஏனென்றால் சரியாக இருப்பது மாணவரின் கடமை.

மற்றவர்கள் இசை தொடங்குவதற்கு முன்பே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மெத்தைக்கடைக்காரர் தன் தேர்வு எண்ணை எழுதிவிட்டு, பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

ஒரு வயலின் தொடங்கியது. வேகமாக, எதையோ சொல்லிக்கொண்டே போனது. கொஞ்சம் பொறுத்து, அடியில், கனமான குரலில் இன்னொரு கருவி வந்தது. முதலில் அவர் வயலினை மட்டும்தான் கேட்டார். பிறகு எப்படியோ காது கீழே இறங்கியது. கீழே இருப்பது அவசரப்படவில்லை. மேலே இருப்பது சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னது. மேலே இருப்பது அதைக் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி ஓடியது. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் நின்றது. திரும்பிப் பார்க்காமல், சும்மா நின்றது. கீழே இருப்பது வந்து சேர்ந்ததும் மறுபடி கிளம்பியது.

அவருக்குச் சந்தை நினைவுக்கு வந்தது. மனைவி முன்னால் பேசிக்கொண்டே போவாள். அவர் இரண்டு கையிலும் பையோடு பின்னால் வருவார். தெருமுனையில் அவள் நிற்பாள். திரும்பமாட்டாள். அவருடைய செருப்புச் சத்தம் பக்கத்தில் கேட்டதும் நடப்பாள். அது அவருக்காகத்தான் என்று அவர் இதுவரை நினைத்ததே இல்லை; கடையைப் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தார்.

மணி அடித்தது. அவருடைய தாளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அதில் தேர்வு எண்ணைத் தவிர ஒன்றும் இல்லை.

வெளியே டிரைவிங் ஸ்கூல் அம்மாள் விரலுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டு நின்றார். "ஒன்பது பக்கம் எழுதிட்டேன். நீங்க?"

"நான் கேட்டுட்டேன்," என்றார் அவர், அழாத குறையாக. "தெரியாம கேட்டுட்டேம்மா."

ஒரு வாரம் கழித்து மன்றத் தலைவர் அவரை நேரில் வரச் சொன்னார். மெத்தைக்கடைக்காரர் மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போனார். தலைவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பூஜ்யம்! முதலிடம்! மற்ற அனைவரும் பூஜ்யத்துக்குக் கீழே. அந்த வங்கி ஊழியர் மைனஸ் நூற்று நாற்பது. பிழையே இல்லாத ஒரு விடைத்தாளை என் பணிக்காலத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்."

"சார், நான் எதுவும் எழுதலையே."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் எங்காவது மாட்டிக்கொள்கிறார்கள். நானே இந்தப் பதவிக்கு வந்த நாள் முதல் எதிலும் எழுத்துபூர்வமாகக் கருத்துச் சொல்வதில்லை. உங்களிடம் என் இளமையைக் காண்கிறேன்."

"ஒருத்தர் மட்டும் தேறினா மண்டபம் காலியா இருக்குமே சார்?"

"ஒருவருமே தேறாவிட்டால் பயிற்சி சரியில்லை என்பார்கள். பலர் தேறினால் தேர்வு சரியில்லை என்பார்கள். ஒருவர் என்பது மிகப் பொருத்தமான எண்ணிக்கை."

சான்றிதழோடு, சட்டையில் குத்திக்கொள்ள, பித்தளையில் செய்த சின்னக் காது ஒன்றும் கொடுத்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அம்மாளுக்கு மைனஸ் எண்பத்தாறு. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பித்தளைக் காதைப் பார்த்தார். "எனக்கும் சேர்த்துக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க," என்றார். "பையன் எங்கயாவது தடுமாறினா அதை மட்டும் சொல்லாதீங்க."

இசை மாலை அன்று மண்டபத்தின் வாசலில் பெரிய கூட்டம். வாசிக்கப்போகிறவர்களின் அப்பா, அம்மா, அக்கா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லாரும் இஸ்திரி போட்ட உடையில் வெளியே நின்றார்கள். உள்ளே போக வழியில்லை என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். கதவில் ஒரு செக்யூரிட்டிப் பெண் நின்றாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் நாள். விதிகளைத் தலைகீழாக ஒப்பித்தால்தான் வேலை என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள்.

தலைவர் காரிலிருந்து இறங்கி, தொடக்க உரையைச் சட்டைப் பையில் தடவிப் பார்த்துக்கொண்டு, நேராகக் கதவுக்கு வந்தார்.

"சான்றிதழ் சார்?"

"அம்மா, நான் தலைவர்."

"பதவிக்கு விதிவிலக்கு இல்ல சார்."

"சான்றிதழைக் கொடுப்பவனே நான்தான்!"

"கொடுத்தவர்னு தெரியுது சார். வாங்கினவரா?"

கூட்டத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. முன்னாள் தலைவர். இந்த ஒரு காட்சிக்காகவே வந்தவரைப் போல, நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றிருந்தார். "விதின்னா விதிதான் தலைவரே. எவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க! நானும் இத்தனை மாசமா தேடுறேன், எங்கயும் ஒரு ஓட்டை இல்லை."

தலைவர் கட்டம் சாரைப் பார்த்தார். கட்டம் சாரிடமும் சான்றிதழ் இல்லை. தன்னைத் தானே தேர்வு செய்துகொள்வது நடுநிலைமைக்கு எதிரானது என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். உள்ளே பியானோவைத் திறந்து ஒரு சுரத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது.

தலைவர் குரலை உயர்த்தினார். "பதினோராவது விதி! பயிற்றுநர் ஒருவர், நேரடிக் கேட்புப் பயிற்சிக்காக, தம் மாணவர்களை எவ்வளவு பேரானாலும் உள்ளே அழைத்துச் செல்லலாம். நான் பயிற்றுநர். இவர்கள் என் மாணவர்கள். வழி விடு!"

"பயிற்றுநர்கிட்ட சான்றிதழ் இருக்கணும் சார். அதே விதியில அடுத்த வரி."

இந்த நேரம் பார்த்து மெத்தைக்கடைக்காரர், யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடலாம் என்று சுவரோரமாக ஒதுங்கி ஒதுங்கிக் கதவுக்கு வந்துசேர்ந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவருடைய சட்டையில் பித்தளைக் காது பளபளத்தது.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். முதலில் விழித்துக்கொண்டவர் டிரைவிங் ஸ்கூல் அம்மாள்தான். கூட்டத்தைத் தோளால் விலக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பின்னால் நின்றார்.

"சார், நான் உங்க ஸ்டூடன்ட்."

"எனக்கு ஏதும்மா ஸ்டூடன்ட்?"

"இப்ப ஒண்ணு இருக்கு. சீக்கிரம் உள்ள நடங்க."

"நானும் சார்!" என்று யாரோ கத்தினார்கள். "நாங்க குடும்பத்தோட சேர்ந்துட்டோம் சார்!" "எங்க மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அவரைச் சேர்த்துப்பீங்களா?" மெத்தைக்கடைக்காரர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். யாரையும் வேண்டாம் என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வங்கி ஊழியர் புருவத்தை உயர்த்தாமல் பணிவாக நுழைந்தார். முன்னாள் தலைவர் முதல் மாணவர்களில் ஒருவராக, டிக்கெட் இல்லாமல், வழக்கம்போல உள்ளே போனார்.

"கிளாஸ் எப்ப சார் ஆரம்பிச்சீங்க?" என்று செக்யூரிட்டிப் பெண் கேட்டாள்.

"இப்பதான்மா."

"அட்மிஷன் எப்ப முடியுது?"

"எல்லாரும் வந்ததும் முடிஞ்சுடும்."

அவள் யோசித்துப் பார்த்தாள். விதியில் எதுவும் இடிக்கவில்லை. கதவின் இன்னொரு பலகையையும் திறந்துவிட்டாள்.

கடைசியில் வாசலில் தலைவரும் கட்டம் சாரும் மட்டும் நின்றார்கள். தலைவர் தன் உரையை எடுத்து ஒரு முறை பார்த்து, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். முதல் முறையாக மைக் இல்லாத மனிதரின் குரலில் பேசினார். "சார்... இடம் இருக்குமா?"

"வாங்க சார், வாங்க. நிறைய இடம் இருக்கு," என்றார் மெத்தைக்கடைக்காரர். கடையில் வாடிக்கையாளரைக் கூப்பிடும் அதே குரல்தான் வந்தது. அதில் துளியும் கேலி இல்லாததால் தலைவருக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கட்டம் சார் தயங்கினார். பிறகு, பியானோ இன்னொரு முறை ஒலித்ததும், தலையைக் குனிந்துகொண்டு, தடை தாண்டுகிறவரைப் போல வாசற்படியைத் தாண்டினார்.

மெத்தைக்கடைக்காரர் முதல் வரிசையில் நடுவில் உட்கார்ந்தார். பின்னால் மண்டபம் நிறைந்த மாணவர்கள். அவர் முதுகைச் சாய்த்தார், எல்லாரும் சாய்ந்தார்கள். அவருக்கு மூக்கு அரித்தது, சொறிந்தார். பின்னால் வரிசை வரிசையாக மூக்கைச் சொறிந்தார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. மேடையில் அவருடைய மனைவி வந்து நின்றிருந்தாள். புல்லாங்குழலைப் பிடித்தபடி முதல் வரிசையின் நடுவைத் தேடினாள். அவள் பார்த்தாள், அவர் இருந்தார். அவள் மூச்சை இழுத்தாள்.

வீட்டில் எத்தனையோ முறை காதில் விழுந்த அதே இசைதான். ஆனால் வீட்டில் அது ஒற்றையாக வரும். இங்கே கீழே பியானோ இருந்தது. புல்லாங்குழல் மேலே ஏறும்போதெல்லாம் பியானோ அடியில் வந்து தாங்கிக்கொண்டது. இத்தனை நாள் அவள் காலால் தட்டிக்கொண்டிருந்த இடங்களில் யார் இருந்தார்கள் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் தனியாக வாசித்ததே இல்லை. அந்த இடங்களை விட்டுவிட்டு, காத்திருந்து வாசித்திருக்கிறாள்.

நடுவில், வேகமான பகுதிக்கு முன்னால், அவளுக்கு மூச்சு போதவில்லை. ஒரு கணம் சத்தம் அறுந்தது. மெத்தைக்கடைக்காரருக்கும் மூச்சு நின்றது. பியானோக்காரப் பையன் அவசரப்படவில்லை. கையிலிருந்த சுரத்தையே இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் மூச்சை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்ததும் இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். பின்வரிசையில் எங்கோ டிரைவிங் ஸ்கூல் அம்மாளின் வலது கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டு மெல்ல எடுத்தது.

இசை முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. முடிந்த பிறகு என்ன செய்வது என்பது அடுத்த வருடப் பாடத்தில் இருந்தது. மண்டபம் முழுவதும் பயிற்றுநரையே பார்த்தது. மேடையிலிருந்து அவளும் அவரைப் பார்த்தாள்.

மெத்தைக்கடைக்காரருக்குக் கட்டங்கள் எதுவும் ஞாபகம் வரவில்லை. வினா, விடை, மறுவருகை, எல்லாம் போன இடம் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் எத்தனையோ கேட்டிருக்கிறார். டீ கேட்டிருக்கிறார், சாவி கேட்டிருக்கிறார், சட்டை எங்கே என்று கேட்டிருக்கிறார். இதைக் கேட்டதில்லை.

"இன்னொரு தடவை வாசியேன்," என்றார்.

பின்னால் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு, இதுதான் முறை போலிருக்கிறது என்று முடிவுசெய்து, மண்டபம் முழுவதும் ஒரே குரலில், தலைவரும் சேர்ந்து, "இன்னொரு தடவை வாசியேன்!" என்றது. எல்லாருக்கும் கடைசியாக, தனியாக, கரகரத்த குரலில் கட்டம் சார் சொன்னதும் கேட்டது.

அவள் புல்லாங்குழலை உதட்டில் வைத்தாள். சிரிப்பு வந்துவிட்டது. எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். மறுபடி சிரிப்பு. சிரித்துக்கொண்டே புல்லாங்குழல் ஊத யாராலும் முடியாது. பியானோக்காரப் பையன் விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தான்.